புது வீட்டில் நெட்: சுவருக்குள் தொலைந்த வேகம்

புது வீட்டுக்குக் குடிவந்து நெட் ஒழுங்காக ஓடுவதற்குள் படாத பாடு பட்டுவிட்டோம். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. ஆனாலும் வயரிங் வேலை செய்தவர் மேலுள்ள கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் பூச்சு வேலைக்கு முன்னால் இதைப் படித்தால் நல்லது.

முதல் தடங்கல் முகவரி. புதிதாகக் கட்டிய வீடு என்பதால் எங்கள் கதவு எண்ணே இணைப்பு தரும் நிறுவனத்தின் கணினியில் இல்லை. "உங்கள் முகவரியில் சேவை இல்லை" என்றார்கள். பக்கத்து வீட்டிலோ அதே நிறுவனத்தின் ஃபைபர் ஓடிக்கொண்டிருக்கிறது! கஸ்டமர் கேரில் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், ஒவ்வொருவரிடமும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். கடைசியில் பக்கத்து வீட்டாரின் சம்மதத்தோடு அவர்களுடைய வாடிக்கையாளர் எண்ணைக் கொடுத்து, "இவர்களுக்கு வரும் கம்பத்திலிருந்தே எங்களுக்கும் இழுக்கலாம்" என்று சொன்ன பிறகுதான் ஆள் அனுப்பினார்கள். கட்டட வேலை முடியும்வரை காத்திருக்காதீர்கள். முகவரியைப் பதிவு செய்யச் சொல்லி முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

ஃபைபர் இழுக்கும் வேலை சீக்கிரமே முடிந்தது. ஆனால் ஃபைபரில் வரும் ஒளியை நெட் சிக்னலாக மாற்றும் ஓஎன்டி பெட்டியில் சிவப்பு விளக்கு அணையவில்லை. "லைன்ல ஏதோ பிரச்சினை, தானா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வந்தவர் கிளம்பப் பார்த்தார். விடாமல் நிறுத்தி, வந்து சேரும் ஒளியின் வலிமையை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். மைனஸ் 29 டிபிஎம் காட்டியது. மைனஸுக்குப் பின்னால் வரும் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு என்று அர்த்தம். வீடுகளுக்குத் தரும் ஜிபான் வகை ஓஎன்டி பெட்டிகள் பொதுவாக மைனஸ் 27, 28 வரைதான் தாங்கும். சுவர்ப் பெட்டியைத் திறந்தால், மிச்ச ஃபைபரை மடக்கித் திணித்து வைத்திருக்கிறார்! அது கண்ணாடி இழை. கூர்மையாக வளைந்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். அதையே அகலமான வளையமாகச் சுற்றி வைத்ததும் மைனஸ் 20-க்கு வந்தது, விளக்கும் பச்சையானது. இந்த அளவைக் கண்ணால் பார்க்காமல் 'வேலை முடிந்தது' என்று கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம்தான் பெரிய தலைவலி. ஓஎன்டியில் நேராக லேப்டாப்பைச் செருகினால் முழு வேகமும் வருகிறது. மாடி அறைச் சுவரில் செருகினால் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் நிற்கிறது, நடுநடுவே அறுந்தும் போகிறது. சுவருக்குள் இருப்பது கேட் 6 கேபிள். 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தர வேண்டிய கேபிள் அது. எங்கள் வீட்டில் ஓடும் தூரம் அதில் கால்வாசிகூட இல்லை.

வயரிங் செய்தவரைக் கூப்பிட்டேன். டெஸ்டரைச் செருகி, 1 முதல் 8 வரை விளக்குகள் வரிசையாக எரிவதைக் காட்டினார். "கேபிள் நல்லா இருக்கு சார், நெட் கம்பெனிக்காரங்களைக் கேளுங்க" என்றார். அவர்களைக் கேட்டால், "எங்கள் பெட்டிவரை வேகம் சரியாக இருக்கிறது, அதற்கப்புறம் எங்கள் பொறுப்பில்லை" என்கிறார்கள்.

மாடியில் சுவர்ப் பலகையைக் கழற்றினேன். கேபிள் முனையில் ஆர்ஜே45 என்ற நெட் பிளக்கை அழுத்திப் பொருத்தி (கிரிம்ப் செய்து), இரண்டு பிளக்குகளை இணைக்கும் ஒரு கப்ளரில் செருகியிருந்தார். பிளக்கில் கம்பிகளின் வரிசையைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம் என்று நிறத்துக்கு நிறம் ஜோடியாக அடுக்கியிருந்தார். பார்க்க ஒழுங்காகத்தான் தெரியும். ஆனால் முறைப்படி பிளக்கில் 3-ம் இடத்துக் கம்பியும் 6-ம் இடத்துக் கம்பியும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். 4-ம் 5-ம் இன்னொரு ஜோடி. சேர்த்து முறுக்கிய இரண்டு கம்பிகளும் ஒரே சிக்னலைச் சுமந்தால்தான் இரைச்சல் அடங்கும். இவர் அடுக்கியபடி பார்த்தால் சிக்னலில் பாதி பச்சை ஜோடியிலும் மீதி நீல ஜோடியிலும் போகிறது. சாதாரண டெஸ்டருக்கு இது தெரியாது. கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்ச் சேர்கிறதா என்பதை மட்டும்தான் அது பார்க்கும். விளக்கு எரிவதைக் காட்டியே இவர் எத்தனை வீடுகளில் காசு வாங்கிப் போனாரோ!

கிரிம்பிங் கருவி வாங்கி, எல்லா முனைகளையும் வெட்டிவிட்டு நானே மறுபடி போட்டேன். டி568பி எனப்படும் முறையான நிற வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. மாடி அறை உடனே 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல!

ஒரே ஒரு கேபிள் மட்டும் வழிக்கு வரவில்லை. கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கிறது. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு! ரோல் தீர்ந்ததும் மலிவாகக் கிடைத்ததை வாங்கிச் செருகியிருக்கிறார். இந்த வகைக் கம்பி கேட் 6 தரத்தில் சேராது, மடக்கினால் சுலபமாக ஒடியும், கேபிள் வழியாகவே மின்சாரம் எடுக்கும் கேமராக்களை மாட்டினால் அதிகமாகச் சூடாகும். நல்லவேளையாக கேபிள் பைப்புக்குள் இருந்தது. பழையதன் நுனியில் செம்புக் கேபிளைக் கட்டி இழுத்து மாற்றினோம். பைப் இல்லாமல் சுவரில் புதைத்திருந்தால் சுவரை உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வைஃபைக்கு அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. கான்கிரீட் தளத்தைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சிக்னல் மேலே சரியாக ஏறாது என்பதால், மாடியில் இன்னொரு ரவுட்டரை கேபிளில் மாட்டினோம். அதை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு, அதாவது கீழே இருக்கும் நெட்வொர்க்கையே வைஃபையாகப் பரப்பும் முறைக்கு, மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அது தனி நெட்வொர்க்காகப் பிரிந்துகொண்டு, மாடியிலிருக்கும் பிரிண்டர் கீழே தெரியாமல் போகும்.

வயரிங் ஆளுக்குக் கடைசிப் பணத்தைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு சுவர் முனையிலும் லேப்டாப்பைச் செருகி, இணைப்பு வேகம் 1 ஜிபிபிஎஸ் என்று காட்டுகிறதா என அவர் எதிரிலேயே பாருங்கள். டெஸ்டர் விளக்கை மட்டும் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.