எங்கள் கேமுக்குப் பேர் வைத்த கதை: 4,500 ரூபாய் தண்டம்

கேமைச் செய்து முடிக்க இரண்டு வருடம் ஆனது. பேர் வைக்க ஏழு மாதம். சண்டை அதிகம் வந்தது பேருக்குத்தான்.

நானும் தங்கையும்தான் மொத்த டீமும். குன்னூரில் வீடு. கோடிங் என்னுடையது, படங்கள் அவளுடையது. நம்ம மலை ரயிலில் பெட்டிக்குப் பெட்டி பிரேக்ஸ்மேன் நிற்பாரே, அவர்தான் நாயகன். இறக்கத்தில் எங்கே, எவ்வளவு பிரேக் பிடிப்பது என்பதுதான் ஆட்டம்.

முதலில் ‘மலை இறக்கம்’ என்று வைத்தோம். தமிழில் அழகாகத்தான் இருந்தது. ஆங்கில எழுத்தில் போட்டதும் கெட்டது. இறக்கமும் இரக்கமும் ஒன்றாகிவிட்டன. டெல்லி நண்பர் ஒருவர் ‘மலாய்’ (இந்தியில் பாலாடை) என்று படித்தார். கூகுளில் தேடினால் பக்கம் பக்கமாக மலாய் கோஃப்தா. 2023இல் வந்த ‘வெண்பா’ கேமை நினைத்துப் பொறாமைப்பட்டேன். ழ இல்லை, ற இல்லை. ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து, யார் அடித்தாலும் ஒரே மாதிரிதான் அடிப்பார்கள்.

அப்புறம் ஸ்டேஷன் பேர்களில் இறங்கினோம். ‘லவ்டேல்’ என்று போட்டு டெமோவை அனுப்பினால், “இதில் யாரைக் காதலிக்கணும்?” என்று கேட்கிறார்கள். ‘ரேக் அண்ட் பினியன்’ வைக்கலாம் என்றால் (கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் போகிறதே, அதுதான்) தேடலில் வந்ததெல்லாம் கார் ஸ்டியரிங்.

மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள். சரி, ‘208 கர்வ்ஸ்’ என்றேன். தங்கை முறைத்தாள். “அண்ணா, வெறும் கர்வ்ஸ்னு தேடிப் பாரு.” பார்த்தேன், உடனே மூடினேன். ‘208 பெண்ட்ஸ்’ ஆனது. அதற்குள் எங்கள் பெண்டு கழன்றுவிட்டது என்பது வேறு விஷயம்.

எங்கள் சோதனை இதுதான்: நல்ல மழையில், குன்னூர் பெட்ஃபோர்டில் கடை வைத்திருக்கும் மாமாவுக்கு போன் போட்டு, பேரை ஒரே தடவை சொல்லி, ஸ்பெல்லிங் சொல்லாமல் டைப் அடிக்கச் சொல்வது. மற்றவை எல்லாம் தோற்றன, ‘208 பெண்ட்ஸ்’ தேறியது. நீங்களும் ஒரு மாமாவைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் 100 டாலர் கட்டிப் பக்கம் திறந்தது ஒரு வேலையே இல்லை. டிரேட்மார்க்தான் படுத்தியது. ‘நோ மேன்ஸ் ஸ்கை’ கேம்காரர்கள் பேரில் இருந்த ‘ஸ்கை’ என்ற ஒரு சொல்லுக்காக மூன்று வருடம் வழக்கில் சிக்கியிருந்து 2016இல்தான் மீண்டார்கள். அதைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. டிரேட்மார்க் தளத்தில் தேடும்போது பேரை அப்படியே அடித்து, ‘இல்லை’ என்று வந்ததும் குதிக்காதீர்கள். ஒலி ஒற்றுமைத் தேடலும் இருக்கிறது, அதையும் போடுங்கள். எழுத்து வேறாக இருந்தாலும் ஒலி ஒன்றாக இருந்தால் ஆட்சேபணை வரும்.

விண்ணப்பத்தை நாங்களே போட்டிருக்கலாம். பயந்துபோய் கோயம்புத்தூரில் ஓர் ஏஜென்ட்டைப் பிடித்தோம். எங்கள் சார்பில் விண்ணப்பிக்க அதிகாரம் தரும் பத்திரத்தில் கையெழுத்துப் போட நேரில் வரச் சொன்னார். பர்லியாரில் மரம் விழுந்து ஒரு மணி நேரம் பஸ் நகரவில்லை. போய்ச் சேர்ந்தால், “உத்யம் சான்றிதழ் (சிறுதொழில் பதிவு) எங்கே? அது இல்லாவிட்டால் 9,000 ரூபாய் ஆகுமே” என்றார். இல்லை என்றதும், எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார். அன்றைய நாள் போனது. வீட்டுக்கு வந்து விதியைப் படித்தால், தனிநபர் பேரில் ஆன்லைனில் போட்டால் கட்டணம் 4,500தான், அந்தச் சான்றிதழே வேண்டாம். போனில் சொன்னேன். “அப்படியா, சரி, அப்படியே போட்டுடலாம்” என்றார், ஏதோ என் யோசனை போல.

போட்டார். 28ஆம் வகுப்பில். அது பொம்மை, விளையாட்டுச் சாமான்களுக்கானது. டவுன்லோடு செய்யும் கேம் 9ஆம் வகுப்பில் வரும். ரசீதை அன்றே பார்த்திருந்தால் அன்றே சண்டை போட்டிருப்பேன்; பத்து நாள் கழித்துத்தான் திறந்தேன். “கேம்னுதானே சார் சொன்னீங்க?” என்றார். கட்டிய பணம் திரும்பாது. 9இல் புதிதாக ஒன்று போட இன்னொரு 4,500. இந்த முறை டிஜிட்டல் கையெழுத்து வாங்கி, டிஎம்-ஏ என்ற விண்ணப்பப் படிவத்தை நானே நிரப்பினேன். ஒரு மாலை வேலை, அவ்வளவுதான். ஆகவே ஏஜென்ட் வைத்தாலும், பணம் கட்டுவதற்கு முன் படிவத்தை அனுப்பச் சொல்லி வகுப்பு எண்ணை உங்கள் கண்ணால் பாருங்கள்.

28ஆம் வகுப்பு விண்ணப்பம் அப்படியே கிடக்கிறது. என்றைக்காவது ரயில் பொம்மை செய்தால் உதவும், இருக்கட்டும் என்கிறாள் தங்கை. பெட்டியின் படம்கூட வரைந்துவிட்டாள்.