தன்னார்வலர் விருதுக் குழுவின் நாட்குறிப்பு

நவம்பர் 3
'அதிக மணி நேரம் உழைத்தவர்' என்று அளவுகோல் வைத்தால் வருகைப் பதிவேடு வீங்கும். இரண்டு மணி நேர வேலைக்கு நான்கு என்று எழுதத் தொடங்குவார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே வாரத்தில் ஒருநாள் வருபவர் எந்த ஆண்டும் ஜெயிக்க முடியாது. இரண்டாம் ஆண்டிலேயே அவருக்கு அது புரிந்துவிடும்.

நவம்பர் 9
பரிந்துரைப் படிவம் ஒரு பக்கம் போதும். என்ன செய்தார், எப்போது, அதனால் யாருக்கு என்ன மாறியது. 'தன்னலமற்ற அர்ப்பணிப்பு' என்று மட்டும் எழுதி வந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.

பரிந்துரைகள் எப்போதும் முன்னால் நிற்பவர்களுக்கே குவியும். கணக்கு எழுதுபவர், தொலைபேசி எடுப்பவர், எல்லாரும் போனபின் பூட்டிச் சாவியைக் கொடுப்பவர், இவர்கள் பெயரை யாரும் எழுதுவதில்லை. பெயர் கேட்காமல், பணிப் பட்டியலை வைத்துக்கொண்டு 'இதை யார் செய்கிறார்?' என்று வேலைவாரியாகக் கேட்டால்தான் வெளியே வருவார்கள்.

நவம்பர் 17
யாருக்குக் கொடுப்பது? பழைய தூண்களுக்கே மாலை போடுவது வழக்கம். ஆனால் 2017-இல் வெளியான ஓர் ஆய்வு வேறு பக்கம் கைகாட்டுகிறது. ஜெர்மன் மொழி விக்கிப்பீடியாவில் புதிதாகப் பங்களித்த சுமார் 4000 பேரில், குலுக்கல் முறையில் தேர்ந்தவர்களுக்கு மட்டும் ஒரு சின்ன இணையப் பட்டம். பணம் இல்லை, மேடை இல்லை. பட்டம் பெற்றவர்களில் அடுத்த மாதமும் தொடர்ந்தவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 20 சதவீதம் அதிகம். ஆகவே புதியவர்களுக்கென ஒரு பிரிவு, ஆண்டு இறுதிவரை காத்திராமல் சில மாதங்களுக்கு ஒருமுறை.

நவம்பர் 24
இத்தாலிய ரத்த தானப் பதக்கங்களைப் பற்றிய ஆய்வு இன்னும் சுவாரசியம். பதக்கத்துக்குத் தேவையான தான எண்ணிக்கையை நெருங்கும்போது கொடையாளர்கள் அடிக்கடி வந்தார்கள். ஆனால் பெயர் செய்தித்தாளில் வந்து, பொதுவிழாவில் தரப்படும் பதக்கங்களுக்கு மட்டும். இழுப்பது உலோகமல்ல, ஊர் பார்ப்பது. எல்லாருக்கும் அது பிடிக்காது என்பதால், அறிவிக்குமுன் சம்மதம் கேட்பது கட்டாயம். மறுப்பவருக்குக் கடிதம்.

டிசம்பர் 5
சர்வதேசத் தன்னார்வலர் தினம். விருதாளர் செய்த ஒரு குறிப்பிட்ட காரியத்தை வாசித்தால் போதும். விருந்தினர் உரைதான் எங்கும் நீளும். அதை முடிவில் வைத்தால் விருது நேரம் தப்பிக்கும்.

டிசம்பர் 19
விழாவுக்குப் பிந்தைய ஆபத்து: விருது வாங்கியவர் தலையிலேயே எல்லா வேலையும் வந்து விழும். அவருக்குப் புதுப் பொறுப்பு தருமுன் பழையது ஒன்றை எடுத்துவிடுங்கள். பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்காதவர்களின் ஜனவரி வருகையைத் தனியாகப் பாருங்கள். குறைந்தால் முதலில் ஒரு தொலைபேசி அழைப்பு.