"நாவல் எங்கே?": இருத்தலியல் கேள்விக்கு நான் படித்த விதம்

முதுகலை ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டில் ஐரோப்பியப் புனைகதைக்கென்று எங்களுக்கு ஒரு தாள் இருந்தது. அதில் இருத்தலியல் (existentialism), அதாவது மனித வாழ்வுக்கு முன்கூட்டியே வகுத்த அர்த்தம் இல்லை என்று பார்க்கும் சிந்தனை பற்றி 15 மதிப்பெண் கட்டுரைக் கேள்வி எப்படியும் வரும் என்று மூத்த மாணவர்கள் சொல்லியிருந்தார்கள். மாதிரித் தேர்வில் வந்தது. கீர்க்ககார்ட், நீட்சே, ஹைடெக்கர், சார்த்தர் என்று தத்துவவாதிகளைப் பற்றியே நான்கு பக்கம் நிரப்பினேன். கிடைத்தது 5. விடைத்தாளின் ஓரத்தில் பேராசிரியர் சிவப்பு மையில் இரண்டே சொற்கள் எழுதியிருந்தார்: "நாவல் எங்கே?"

அன்று மாலையே குறிப்பேடுகளை மூடிவைத்துவிட்டு நூலகத்திலிருந்து பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவின் 'அந்நியன்' நாவலை எடுத்துவந்தேன். வெ. ஸ்ரீராமின் தமிழ் மொழிபெயர்ப்பு. பள்ளிப்படிப்பைத் தமிழ்வழியில் முடித்த என்னைப் போன்றவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தமிழில் கிடைக்கிற நூலை முதலில் தமிழிலேயே படியுங்கள். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. காம்யு எழுதியதும் ஆங்கிலத்தில் அல்ல. நாவலின் முதல் வாக்கியத்தில் வரும் 'அம்மா'வை 1946இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு சற்று விறைப்பான சொல்லாக்கியது. 1988இல் மேத்யூ வார்ட் பிரெஞ்சுச் சொல்லையே அப்படியே வைத்துக்கொண்டார். தமிழுக்கு அந்தத் திண்டாட்டம் இல்லை. அம்மா என்றால் அம்மாதான். பிறகு தேர்வுக்காக வார்டின் ஆங்கிலத்தைப் படித்தபோது கதை ஏற்கெனவே எனக்குள் இருந்தது. சொற்களை மட்டும் கவனித்தால் போதுமாக இருந்தது.

இரண்டாம் முறை படிக்கும்போது ஒரு தாளை நெடுக்காக மடித்து, இடப்பக்கம் முதல் பகுதியில் நாயகன் மெர்சோ செய்யும் சின்னச் சின்னச் செயல்களை எழுதினேன். தாயின் உடலருகே பால் கலந்த காப்பி குடித்தது, புகைபிடித்தது, அடக்கத்துக்கு மறுநாள் காதலி மாரியுடன் கடலில் நீந்தியது, மாலையில் சிரிப்புப் படம் பார்த்தது. வலப்பக்கம், இரண்டாம் பகுதியில் அவனைக் கொலை வழக்கில் விசாரிக்கும் நீதிமன்றம் இவற்றை எப்படித் திருப்பி எடுத்துக்கொள்கிறது என்று குறித்தேன். முதல் பகுதியில் எந்த அர்த்தமும் ஏற்றப்படாமல் நடந்தவை எல்லாம் அங்கே குற்றவாளியின் அடையாளங்களாகிவிடுகின்றன. கொலையைவிட, தாயின் சவ அடக்கத்தில் அழாததே பெரிய குற்றமாகிறது. காம்யுவே 1955இல் எழுதிய ஒரு முன்னுரையில் இதைத்தான் நாவலின் சாரமாகச் சொல்கிறார். அர்த்தம் தேடும் மனிதனுக்கு உலகம் பதில் தராத நிலையைக் காம்யு அபத்தம் என்கிறார். அதற்கு விளக்கம் மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. அந்த மடித்த தாளே விளக்கம்.

மெர்சோ உணர்ச்சியற்றவன் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். பெரும்பாலான வழிகாட்டி நூல்களில் இருப்பது அதுதான். வெயிலை, உப்புநீரை, மாரியின் கூந்தலை அவனைப் போல உணர்ந்தவர்கள் குறைவு. உணராத ஒன்றை உணர்ந்ததாகச் சொல்ல மறுக்கிறான், அவ்வளவுதான். கடற்கரையில் ஒருமுறை சுட்டு, சற்று நிறுத்தி, அசைவற்ற உடல்மீது மேலும் நான்கு முறை சுடுகிறானே, ஏன் நிறுத்தினாய் என்று விசாரணை நீதிபதி திரும்பத் திரும்பக் கேட்டும் அவனிடம் பதில் இல்லை. பதில் இல்லாததை நீங்களும் நிரப்பாதீர்கள்.

சுடப்பட்டவனுக்கு நாவல் முழுக்கப் பெயரே இல்லை. 'அரேபியன்', அவ்வளவே. இது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அல்ஜீரிய எழுத்தாளர் கமேல் தாவூத் 2013இல் வெளிவந்த தம் நாவலில் அவனுக்கு மூஸா என்று பெயர் கொடுத்து, அவன் தம்பியைப் பேசவைத்தார். இதை விடையில் ஒரு பத்தியாக எழுதுங்கள். நாவலை மதிப்பதும் கேள்வி கேட்பதும் ஒருசேர நடக்கலாம்.

சார்த்தரின் 'குமட்டல்' (1938) கடினமானது. நேரமில்லாவிட்டால், நாயகன் ரோக்கன்தான் (Roquentin) பூங்காவில் அமர்ந்து செஸ்ட்நட் மரத்தின் வேரைப் பார்க்கும் பகுதியை மட்டுமாவது நான்கைந்து முறை நிதானமாகப் படியுங்கள். வேர் என்ற சொல் கழன்றுவிழுகிறது. கறுப்பாக, கணுக்கணுவாக ஏதோ ஒன்று சும்மா இருக்கிறது. அதற்குப் பிறகு, 1945 அக்டோபரில் பாரிசில் சார்த்தர் ஆற்றிய உரையில் வரும் காகிதம் வெட்டும் கத்தி உதாரணத்தைப் படித்தால், 'இருத்தல் சாரத்துக்கு முந்தியது' என்பது வாய்ப்பாடாகத் தெரியாது. கத்தியின் பயன் அதைச் செய்வதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது; மனிதனோ முதலில் இருக்கிறான், பிறகுதான் தன்னை இன்னதென்று ஆக்கிக்கொள்கிறான்.

பெயர் ஒட்டுவதில் கவனம் வேண்டும். தான் இருத்தலியல்வாதி அல்ல என்று காம்யு 1945இலேயே சொல்லிவிட்டார். தஸ்தயேவ்ஸ்கியின் 'நிலவறைக் குறிப்புகள்' 1864இல் வந்தது. அப்போது அந்தச் சொல்லே புழக்கத்தில் இல்லை. வினாத்தாள் 'இருத்தலியல் கருப்பொருள்கள்' என்று கேட்டால் 'கருப்பொருள்கள்' என்ற சொல்லையே பிடித்துக்கொள்ளுங்கள்.

என்னை மாற்றிய நூல் தல்ஸ்தோயின் 'இவான் இலியிச்சின் மரணம்' (1886). அதைப் படித்த வாரத்தில் என் பாட்டி வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். எல்லா மனிதர்களும் இறப்பவர்கள், காயஸ் மனிதன், ஆகவே காயஸ் இறப்பான் என்ற தர்க்கம் காயஸுக்குச் சரி, ஆனால் நான் காயஸ் இல்லையே என்கிறான் மரணப் படுக்கையில் இருக்கும் இவான். அவனை மிகவும் வதைப்பது வலிகூட இல்லை. சரியாகிவிடும் என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லும் பொய். பொய் சொல்லாமல் அவன் கால்களைத் தன் தோள்மேல் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் வேலைக்காரன் கெராசிம் ஒருவனே. அன்று இரவு நான் பாட்டியிடம் "சரியாகிவிடும் பாட்டி" என்று சொல்லவில்லை. காலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தேன். "நீயாவது சும்மா இருக்கிறாயே, கண்ணு" என்றார்.

கல்லூரி ஆசிரியர் பணித் தகுதிக்கான நெட் (NET) தேர்வுக்குப் படிப்பவர்கள் ஆண்டுகளையும் பாத்திரங்களையும் தனியாக ஒரு அட்டையில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பொருத்துக வகைக் கேள்விகளுக்கு அது போதும்.

இறுதித் தேர்வில் என் கட்டுரை அந்த நான்கு குண்டுகளில் தொடங்கியது. தத்துவவாதிகளுக்குக் கிடைத்தது ஒரு பத்தி. 15க்கு 12 வந்தது. காஃப்காவின் 'விசாரணை'யை அதற்குள் நான் படித்து முடித்திருக்கவில்லை. ஆகவே அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. விடுமுறையில் படித்தேன்.