ஒகேனக்கல் தண்ணீர் வர ஏன் இத்தனை வருஷம்?

எங்கள் சித்தப்பாவுக்கு எந்தக் கட்சி மேலேயும் நம்பிக்கை கிடையாது. "அஞ்சு வருஷத்துக்கு ஒரு லீ குவான் யூவைக் கொண்டாந்து விடுங்கடா, அப்புறம் நம்ம தர்மபுரியைப் பாரு" என்பார், சிங்கப்பூரைக் கெடுபிடியாக ஆண்டு முன்னேற்றிய தலைவரைச் சொல்கிறார். ஏழை நாட்டுக்கு முதலில் சோறு, ஓட்டெல்லாம் அப்புறம் என்பது அவர் வாதம். இதைச் சிரித்துத் தள்ளவும் முடியாது, ஏனென்றால் கையில் ஒகேனக்கல் கதையை வைத்துக்கொண்டுதான் பேசுவார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது, பல ஊர்களில் தாண்டித்தான் இருந்தது. பிள்ளைகளுக்குப் பல் காவியேறும், வயசானவர்களில் சிலருக்கு முட்டியும் முதுகும் இறுகிப்போய் நிமிரவே முடியாது. இத்தனைக்கும் காவிரி பக்கத்திலேயே ஓடுகிறது. அந்தத் தண்ணீரை ஒகேனக்கலில் எடுத்துக் குழாயில் ஊருக்கு ஊர் கொண்டுவருவதுதான் ஒகேனக்கல் திட்டம். கர்நாடகத்தோடு 1998-லேயே பேசி முடித்த விஷயம், ஜப்பான் கடனில் போட்ட திட்டம், ஆனால் கருணாநிதி அடிக்கல் நாட்டியது 2008 பிப்ரவரியில்தான். நாட்டிய கையோடு கர்நாடகத்தில் சட்டசபைத் தேர்தல் வந்தது. திட்டத்தை எதிர்த்து, பெங்களூரில் தமிழ்ப் படம் ஓட்டக்கூடாது என்று போராட்டம், கடைசியில் ஏப்ரலில், அங்கே தேர்தல் முடியட்டும் என்று திட்டத்தையே நிறுத்தி வைத்தார்கள். யாரோ ஒரு மாநிலத்தில் ஓட்டுப் போடுவதற்காக எங்கள் பிள்ளைகள் பல் கெட வேண்டுமா என்று சித்தப்பா கேட்டால் என்ன பதில் சொல்வது?

ஒரு பதில் இருக்கிறது. 2011-ல் ஆட்சி மாறியது. முந்தைய ஆட்சி கட்டிய புதிய தலைமைச் செயலகத்தை ஜெயலலிதா மருத்துவமனையாக்கினார், கோட்டூர்புரம் நூலகத்தைக்கூட மாற்றப் பார்த்தார், கோர்ட் தடுத்தது. ஒகேனக்கல் குழாயை மட்டும் கைவிடவில்லை, 2013-ல் அவரேதான் தொடங்கி வைத்தார். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்து ஓட்டையும் பகைத்துக்கொள்ள யாருக்குத் தைரியம் வரும்? 2010-ல் எங்கள் மாவட்டத்துப் பென்னாகரம் இடைத்தேர்தலில் ஊருக்கு ஊர் அமைச்சர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஓட்டே இல்லாத ஆட்சிக்கு அந்தப் பயம் ஏது? எல்லாருக்கும் லீ குவான் யூதான் கிடைப்பார் என்பது என்ன நிச்சயம்? காங்கோவுக்குக் கிடைத்தது நாட்டையே சுரண்டிய சர்வாதிகாரி மொபுட்டு, 32 வருஷம். சீனாவில் 1959 முதல் 61 வரை பஞ்சத்தில் கோடிக்கணக்கில் செத்தார்கள், நெல் விளையவில்லை என்று மேலே சொல்லவே அதிகாரிகள் பயந்தார்கள். தேர்தலும் சுதந்திரமான பத்திரிகையும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் சொன்னது இதைப் பார்த்துத்தான்.

என் குறை வேறு. ஜனநாயகம் கோட்டையோடு நின்றுவிடுகிறது. ஒகேனக்கல் தண்ணீர் மேல்நிலைத் தொட்டி வரைக்கும் வந்துவிடும், தொட்டியிலிருந்து தெருக்குழாய்க்கு வர வேண்டியது பஞ்சாயத்து வேலை. அந்தப் பஞ்சாயத்துக்கு 2016-ல் நடக்க வேண்டிய தேர்தல் கோர்ட்டில் மாட்டி, எங்கள் பக்கம் 2019 டிசம்பரில்தான் நடந்தது. நடுவில் மூன்று வருஷம் தனி அலுவலர் ஆட்சி, அதாவது தலைவருக்குப் பதில் அரசு நியமித்த அதிகாரி. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்று மத்திய மானியமும் நின்றது. மோட்டார் காயில் எரிந்துபோனால் யாரிடம் போவது? அலுவலருக்கு எங்கள் ஊரோடு சேர்த்து இன்னும் பல ஊர் பொறுப்பு, மனுவை வாங்கி வைத்துக்கொள்வார், அவரைத் திட்டியும் பயனில்லை, நாளைக்கே மாற்றலாகிப் போய்விடுவார். சித்தப்பா கேட்கிற ஓட்டில்லாத நிர்வாகம் இதுதானே!

2019-ல் ஜெயித்த பஞ்சாயத்துத் தலைவர்கள், மெம்பர்கள் பதவிக்காலமும் 2025 ஜனவரியில் முடிந்து மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். வார்டு மெம்பர் ஒன்றும் பெரிய யோக்கியர் இல்லை, பில்லில் கை வைக்கிறவர்தான் என்று ஊருக்கே தெரியும். ஆனால் தண்ணீர் வராத அன்றைக்குக் காலையில் குடத்தோடு நாலு பெண்கள் அவர் வீட்டு வாசலில் போய் நின்றால், மத்தியானத்துக்குள் மோட்டார் கழற்றி ரிப்பேருக்குப் போயிருக்கும்.