சதைதான் கணக்கு

கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் படன்னா காயலில், கல்லும்மக்காய் என்ற உண்ணும் சிப்பியை வளர்க்கும் குழுக்களுக்குத் தொழில்நுட்ப உதவியாளராக இருந்தேன். மாதந்தோறும் கயிற்றைத் தூக்கி, காலிப்பரால் ஓட்டின் நீளத்தை அளந்து எழுத வேண்டும். குழுவில் இருந்த பெண்கள் அந்தக் காலிப்பரைச் சட்டையே செய்ய மாட்டார்கள். ஒன்றைப் பிளந்து உள்ளே பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பாறையில் பெயர்த்த விதையை, அதாவது குஞ்சுச் சிப்பிகளை, நவம்பர், டிசம்பரில் கயிற்றைச் சுற்றி வைத்து, கொசுவலைத் துணியால் பொதிந்து தைத்து, மூங்கில் பந்தலில் தொங்கவிடுவார்கள். துணி மக்கி உதிர்வதற்குள் சிப்பி தன் நூலால் கயிற்றைப் பற்றிக்கொள்ளும். கடல் வற்றும்போது வெளியே நிற்கும் பாறைச் சிப்பி வாய்மூடிப் பட்டினி கிடக்கும். கயிற்றுச் சிப்பிக்கோ இரவும் பகலும் தீனி. ஐந்தாறு மாதத்தில் 7, 8 செ.மீ. வந்துவிடும்.

பருவத்துக்கு வர அவ்வளவு நாள் வேண்டாம். பிறந்த இரண்டு மூன்று மாதத்திலேயே, 2, 3 செ.மீ. இருக்கும்போதே சினை பிடித்துவிடும். விதை என்று நாம் கட்டுவதிலேயே சில அப்படித்தான். பிளந்தால், ஓட்டை ஒட்டிய மெல்லிய சதை மடல் பெண்ணுக்குச் செம்மஞ்சள், ஆணுக்குப் பால்வெள்ளை. ஐஸ்லாந்துக் கடலில் 2006-இல் எடுத்த ஒரு மட்டிக்கு, ஓட்டு வளையங்களை எண்ணி 507 வயது என்றார்கள். அந்த இனம் பருவமடையவே பல வருடம் ஆகும். நம் பக்கத்துச் சிப்பிக்கு அது கட்டுப்படியாகாது. நண்டு உடைக்கும், மீன் தின்னும், மழை வந்தால் காயல் உப்பு இழக்கும். முந்திக்கொள்வதே அதற்கு நல்லது.

வளர்ப்பவருக்குத்தான் தலைவலி. தின்றதில் பெரும்பங்கு சினைக்குப் போகிறது. ஒன்று சினையை நீரில் கொட்டத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவையும் கொட்டிவிடும். மறுநாள் அளந்தால் ஓடு அதே நீளம். உள்ளே சதை கண்ணாடி மாதிரி மெலிந்து நீர்த்துக் கிடக்கும். ஓட்டுக்கா வியாபாரி காசு கொடுக்கிறார்?

மறுபடி சதை பிடிக்க விடலாம்தான். ஆனால் ஜூன் மழை பொறுக்காது, உப்பு இறங்கினால் கயிற்றோடு சாகும். அதனால் ஏப்ரலில் காலிப்பரோடு தராசையும் படகில் ஏற்றினேன். சிலவற்றை வேகவைத்து, சதையை மட்டும் நிறுத்து, ஓட்டோடு இருந்த எடையில் எத்தனை சதவீதம் என்று எழுதிக் கொடுப்பேன். அந்தத் தாளை மட்டும் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள்.