சலவை அறைச் செயலி: மெஷின் முடித்துவிட்டதா, சும்மா நிற்கிறதா?

பினாங்கு சுங்கை டுவா பக்கம் மாணவர்கள் கூட்டாக வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடி. கீழ்த்தளச் சலவை அறையில் மேல்மூடி மெஷின்கள் மூன்று, டிரையர் ஒன்று. கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்குவதற்கு முன்பே எது காலி என்று கைப்பேசியில் தெரிய வேண்டும். முன்பதிவு வசதி வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. ஏழு மணிக்குப் பதிந்தவர் ஏழரைக்கு வருவார்; அதுவரை காலி மெஷினைப் பார்த்துக்கொண்டு இன்னொருவர் நிற்பார். சண்டைக்கு நாமே நேரம் குறித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் சென்சார் இதற்குச் சரிவராது. முழுக் கேபிளையும் சேர்த்துக் கவ்வினால் போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அடித்துவிடும், பூஜ்யம்தான் காட்டும். லைவ் கம்பியை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். ஈர அறையில், வாடகை வீட்டில், அந்த வேலையே வேண்டாம்.

அதனால் அதிர்வு. மெஷினுக்கு ஒரு ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள குட்டிக் கணினி போர்டு), அதிர்வை அளக்க ஒரு எம்பியு6050 சென்சார், மூடி திறந்திருக்கிறதா என்று அறிய ஒரு ரீட் சுவிட்ச் (காந்தம் அருகில் வந்தால் மாறும் சுவிட்ச்), பழைய கைப்பேசி சார்ஜர். சென்சாரைப் பின்புற மேல்மூலையில் மெல்லிய டேப்பால் ஒட்டுங்கள். ஸ்பாஞ்ச் டேப் அதிர்வைத் தானே விழுங்கிவிடும். காந்தம் வைத்து ஒட்டினால் பக்கத்திலுள்ள ரீட் சுவிட்ச் ஏமாறும். சென்சார் கம்பி 30 செ.மீ.க்குள் இருக்கட்டும்.

ஸ்பின் நிமிடத்துக்கு 700 சுற்று என்றால் நொடிக்கு ஏறக்குறைய 12 அதிர்வு. நொடிக்கு 100 தடவை படித்தால் தாராளம். ஒவ்வொரு நொடிக்கும் சராசரியைக் கழித்துவிட்டு (புவியீர்ப்பு போய்விடும்) மிச்ச ஏற்ற இறக்கத்தை மட்டும் பாருங்கள். எந்த எண்ணுக்கு மேல் போனால் ஓடுகிறது என்று கொள்ளும் வரம்பைக் குறிக்க, பக்கத்து மெஷினைத் துணி நிரப்பி ஸ்பின்னில் ஓடவிட்டு, நிற்கும் மெஷினில் வரும் எண்ணை எடுங்கள். வரம்பு அதற்கு மேலே இருக்க வேண்டும்.

பொய்த் தகவல் வருவது பெரும்பாலும் தண்ணீர் பிடிக்கும்போதுதான். அலசலுக்கு முன் ஒரு குட்டி ஸ்பின் வரும், அடுத்து தண்ணீர் நிரம்பும். சாயங்காலம் எல்லோரும் குளிக்கிற நேரத்தில் குழாய் அழுத்தம் குறைந்து, நிரம்ப நேரம் பிடிக்கும். அந்த அமைதியைப் பார்த்து "முடிந்தது" என்று செய்தி போய்விடும். ஆகவே விதி இரண்டு: ஸ்பின் 3 நிமிடத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், அதன் பிறகு 6 நிமிடம் அசைவே இருக்கக் கூடாது. மெஷினுக்கு மெஷின் இந்த எண்கள் மாறும். அழுத்தம் மோசமான நேரத்தில் ஒரு முழுச் சுற்றை ஓடவிட்டுப் பதிவெடுத்துத்தான் குறிக்க வேண்டும்.

முடிந்தது வேறு, காலி வேறு. முடிந்த பிறகு மூடி 20 நொடிக்கு மேல் திறந்திருந்தால்தான் காலி. எட்டிப் பார்த்துவிட்டு மூடுகிறவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். நடுவில் விட்டுப்போன சட்டையைப் போடத் திறப்பதும் சேராது.

செய்தி அனுப்ப டெலிகிராம் பாட் (தானாகச் செய்தி அனுப்பும் கணக்கு) போதும். வலைச்செயலி அறிவிப்பு ஐபோனில் ஐஓஎஸ் 16.4 முதல்தான் வரும், அதுவும் முகப்புத் திரையில் சேர்த்தால் மட்டுமே. துணி துவைக்க வந்தவரிடம் அதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. மெஷினில் ஒட்டிய கியூஆரில் மெஷின் எண்ணும் சேர்ந்தே இருக்கும். ஸ்கேன் செய்து ஸ்டார்ட் அழுத்தினால் அந்த ஒரு சுற்றுக்கு மட்டும் செய்தி பெறப் பதிவு, காலியானதும் அழிந்துவிடும். யார் துணி என்று யாருக்கும் காட்டுவதில்லை.

மத்தியான இடிமழையில் மின்சாரம் டிரிப் ஆவது இங்கே சகஜம். போர்டு தகவல் அனுப்பும் எம்கியூடிடி முறையில் 'கடைசி விருப்பச் செய்தி' (தொடர்பு அறுந்தால் தானாகப் போகும் செய்தி) வைத்து, கீப்அலைவ் (உயிரோடு இருப்பதைச் சொல்லும் இடைவெளி) 30 நொடி கொடுத்தால், போர்டு செத்த 45 நொடிக்குள் கைப்பேசித் திரையில் அந்த மெஷின் சாம்பல் நிறமாகும், அதாவது நிலை தெரியவில்லை. மின்சாரம் திரும்பியதும் காலி என்று பச்சை காட்டாதீர்கள். பாதித் தண்ணீரோடு துணி உள்ளே கிடக்கலாம். யாராவது மூடியைத் திறக்கும் வரை சாம்பல்தான்.

டிரையர் இன்னும் பாக்கி. அதில் ஸ்பின் கிடையாது, உருளும் அதிர்வும் சன்னம். வெளிக்காற்றுக் குழாயில் வெப்ப சென்சார் வைக்கலாம்; ஆனால் கடைசிச் சில நிமிடம் சூடில்லாமலே உருளும் என்பதால், வெப்பம் இறங்குவதை மட்டும் நம்பினால் செய்தி முந்திக்கொள்ளும்.