சோறு கடைசியில்: எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிந்தைய சாப்பாடும் மாத்திரையும்

பேரியாட்ரிக் (எடைக்குறைப்பு) ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டயட்டீஷியன் ஒரு தாள் கொடுப்பார். தெளிந்த திரவம், கெட்டித் திரவம், மசித்தது, மென்மையானது என்று நாலு கட்டம் அதில் இருக்கும். தாள் சரியானதுதான். ஆனால் நம் வீட்டு அடுப்பில் இருப்பது ரசம், சாம்பார், சோறு, பொரியல், தயிர். தட்டின் நடுவில் சோறு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள என்ற வழக்கத்தோடுதான் புது வயிறு மோதுகிறது.

முதலில் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு குழாய், கொள்ளளவு 100 முதல் 150 மி.லி. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் பகுதி வெட்டப்பட்டதோடு போய்விடுவதால், ஆரம்ப மாதங்களில் பசியே தெரியாது. இன்னொரு வகையான இரைப்பை பைபாஸில் சுமார் 30 மி.லி. கொள்ளும் சின்னப் பை ஒன்றை உருவாக்கி, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கிறார்கள். இரும்பும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படும் முன்சிறுகுடல் வழியாகச் சாப்பாடு போவதே இல்லை. இனி வரும் கட்டுப்பாடுகள் எல்லாம் இந்த இரண்டு மாற்றங்களிலிருந்துதான் வருகின்றன.

முதல் இரண்டு வாரம் திரவம் மட்டும். வடிகட்டிய பாசிப்பருப்புத் தண்ணீர், மிளகாய் போடாத ரசத் தெளிவு, நீர்மோர், வடிகட்டிய சூப், பிறகு புரோட்டீன் பவுடர் கலந்த பால். இங்கே தடுக்கி விழுவது அளவில். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும், ஆனால் ஒரு டம்ளரை அண்ணாந்து குடிக்க முடியாது. இருமல் மருந்து பாட்டிலோடு வரும் குட்டிக் கப்பை எடுத்து வைத்துக்கொண்டு, கால் மணிக்கு ஒருமுறை 30 மி.லி. உறிஞ்சினால் மணிக்கு 120 மி.லி. ஆகும். பன்னிரண்டரை மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் ஆகிவிடும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருட்டினாலோ தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். சோடா, கோலா பக்கம் போகவே வேண்டாம். அந்தக் காற்றுக்கு உள்ளே இடமில்லை.

மூன்றாவது வாரத்திலிருந்து மசித்தது: மிக்ஸியில் அடித்த பருப்பு, கெட்டித் தயிர், குழைவாகக் கிளறிய முட்டை. ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மேஜைக்கரண்டி போதும். ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் முள் எடுத்த மீன் குழம்பு, உதிர்த்த பனீர், வேகவைத்துக் குழைத்த காய், நன்றாக ஊறிய இட்லி. இரண்டு மாதம் வாக்கில் வீட்டுச் சாப்பாடு. இந்த நாள் கணக்கு ஒவ்வொரு சர்ஜனுக்கும் கொஞ்சம் மாறும். உங்களுடைய தாளில் இருப்பதுதான் உங்களுக்கு.

இனி தட்டுக்கு வருவோம். நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரோட்டீன் வேண்டும், பலருக்கு 80 வரை சொல்வார்கள். அது போதாவிட்டால் உடம்பு கொழுப்போடு சேர்த்துத் தசையையும் கரைக்கும். இங்கேதான் சைவ வீடுகளில் ஒரு பெரிய தப்புக் கணக்கு: ‘தினமும் சாம்பார் ஊத்திக்கறோமே.’ ஒரு கரண்டி சாம்பாரில் 2 கிராம் புரோட்டீன் தேறுவதே பெரிது. பருப்பு தண்ணீரில்தான் மிதக்கிறது. அதே பருப்பை 30 கிராம் எடைபோட்டுக் கெட்டியாக வேகவைத்தால் 7 கிராம் கிடைக்கும். 50 கிராம் பனீரில் 9, ஒரு முட்டையில் 6, 75 கிராம் மீனில் சுமார் 15, ஒரு டம்ளர் பாலில் 6. அரிந்து வேகவைத்த மீல்மேக்கர் உலர்நிலையில் 30 கிராம் எடுத்தால் 15 கிராம். 100 கிராம் தயிர் மூன்று நாலுக்கு மேல் தராது. கூட்டிப் பார்த்தால் தெரியும், அசைவம் சாப்பிடுபவருக்கே முதல் ஆறு மாதம் பவுடர் இல்லாமல் 60ஐத் தொடுவது சிரமம். சமையலறையில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கி வையுங்கள். கண்ணளவு பழைய வயிற்றுக்குப் பழகிய கண்ணளவு.

சாப்பிடும் வரிசை: முதலில் பருப்போ முட்டையோ மீனோ, அடுத்து காய், இடம் இருந்தால் கடைசியில் இரண்டு ஸ்பூன் சோறு. குழம்பை ஊற்றிச் சோற்றைப் பிசைந்து ஆரம்பித்தால் ஐந்தாவது வாயில் வயிறு நிறைந்துவிடும், முட்டை தட்டிலேயே இருக்கும். டீ ஸ்பூன், சின்னத் தட்டு, இருபது முதல் முப்பது நிமிடம், ஒவ்வொரு வாயும் கூழாகும்வரை மெல்லுதல். டிவி முன்னால் உட்கார்ந்தால் மெல்வது மறந்துபோகும்.

அவசரப்பட்டால் என்ன ஆகும்? நடு நெஞ்சில் ஏதோ அடைத்தது போல் அழுத்தும், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே வரும், கொஞ்ச நேரத்தில் நுரை நுரையாக வெளியே வரும். விழுங்கியது குழாயின் வாயில் மாட்டிக்கொண்டிருக்கிறது. காய்ந்த கோழி நெஞ்சுக்கறி, புரோட்டா, தோசையின் தடித்த நடுப்பகுதி, ரொட்டி, உருண்டையாகச் சேர்ந்த சோறு ஆகியவை இதில் பேர்போனவை. முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு நார், ஆரஞ்சுச் சுளையின் தோல் மூன்றையும் விழுங்காதீர்கள். நார் உள்ளே திரண்டுகொண்டால் எண்டோஸ்கோப்பி வரை போகலாம். மாட்டியவுடன் தண்ணீர் குடித்து இறக்கப் பார்ப்பது நம் கைப்பழக்கம். அடைத்த குழாய்க்கு மேல் தண்ணீர் ஊற்றினால் அதுவும் சேர்ந்து மேலேதான் வரும். சாப்பாட்டை நிறுத்திவிட்டு எழுந்து மெதுவாக நடங்கள். பெரும்பாலும் அரை மணியில் இறங்கிவிடும். இறங்காமல், குடிக்கும் தண்ணீரும் தங்காமல் போனால் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

தண்ணீரும் சாப்பாடும் சேரக் கூடாது என்பது பலருக்குச் சோற்றைக் குறைப்பதைவிடக் கஷ்டம். இலைக்குப் பக்கத்தில் டம்ளர் இல்லாமல் நமக்குச் சாப்பாடே இறங்காது. சாப்பிட உட்கார்ந்ததும் டம்ளரை அப்புறப்படுத்தி, முடித்து அரை மணி கழித்துத்தான் குடிக்க வேண்டும். கூடவே குடித்தால் இருக்கும் கொஞ்ச இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், அல்லது சாப்பாட்டைச் சீக்கிரம் கீழே தள்ளிவிட்டு ஒரு மணியில் மறுபடி கையை டப்பாவுக்குள் விட வைக்கும். நடுவில் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

வாந்தி பற்றி ஒரு விஷயம், இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். இரண்டு மூன்று நாள் விடாமல் வாந்தி வந்து சோர்ந்தால் தெருமுனை கிளினிக்கில் ‘ஒரு குளுக்கோஸ் ஏத்திக்கலாம்’ என்று போவது வழக்கம். வைட்டமின் பி1 உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டுமே கையிருப்பு இருக்கும். வாந்தியும் குறைந்த சாப்பாடும் சேர்ந்து அதைத் தீர்த்திருக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏறினால், மிச்சமிருக்கும் பி1ஐயும் அது செலவழித்துவிடும். கண் இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் என்று மூளையைப் பாதிக்கும். தாமதித்தால் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். டியூட்டி டாக்டரிடம் ‘எனக்கு பேரியாட்ரிக் ஆபரேஷன் ஆகியிருக்கு சார், பி1 ஊசி போட்டுட்டு அப்புறம் குளுக்கோஸ் ஏத்துங்க’ என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். அவருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வாய்ப்பும் இல்லை, வெளியே தெரிவது நாலைந்து சின்னத் தழும்புதான்.

முதல் சில வாரங்களில் காய்ச்சல், ஓய்வாக இருக்கும்போதும் நாடி 120க்கு மேல் ஓடுவது, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோள்பட்டை வலி, மூச்சு வாங்குவது இதில் எது வந்தாலும் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். தையல் வழியே கசிவு இருக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். கேஸ் சிலிண்டர், 20 லிட்டர் தண்ணீர் கேன், தண்ணீர்க் குடம் எதையும் நாலு முதல் ஆறு வாரத்துக்குத் தூக்காதீர்கள். 5 கிலோதான் எல்லை.

அடுத்தது மாத்திரை டப்பா. இது ஆயுள் முழுக்க. மல்டிவைட்டமின், கால்சியம், வைட்டமின் டி3, இரும்பு, வைட்டமின் பி12. வாங்குவதைவிட நேரம் பிரிப்பதில்தான் சிக்கல், காரணம் நம் காபி. காபி, டீயில் உள்ள டானின் இரும்பைக் குடல் எடுத்துக்கொள்ள விடாது. கால்சியமும் அப்படியே. நடைமுறையில் ஒத்துவரும் ஒரு அட்டவணை: காலை டிபனுக்குப் பின் ஒரு கால்சியம், பதினொன்றரை மணிக்கு எலுமிச்சைத் தண்ணீரோடு இரும்பு, மதியம் இரண்டரைக்கு இரண்டாவது கால்சியம், சாயங்காலக் காபி நாலு மணிக்குத் தள்ளிப் போகட்டும், மூன்றாவது கால்சியம் ராத்திரி. மல்டிவைட்டமினில் இரும்பு இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். இருந்தால் அதுவும் இரும்பு மாத்திரையின் இடத்துக்குப் போக வேண்டும். இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரம். கால்சியம் நாளுக்கு 1,200 முதல் 1,500 மி.கி., ஆனால் ஒரே நேரத்தில் 500, 600க்கு மேல் குடல் வாங்காது, அதனால்தான் பிரிக்கிறோம். மெடிக்கலில் சாதாரணமாகக் கொடுப்பது கார்பனேட். அது கரைய இரைப்பை அமிலம் வேண்டும், உங்களிடம் அது குறைவு. சிட்ரேட் என்று கேட்டு வாங்குங்கள்.

பி12 ஏமாற்றுக்கார வைட்டமின். கல்லீரலில் கையிருப்பு இருப்பதால் முதல் வருடம் எதுவும் தெரியாது. மாத்திரையை விட்டுவிட்டவருக்கு இரண்டாம், மூன்றாம் வருடத்தில் பாதம் மரத்துப்போகும். சர்க்கரை இருந்தவர் அதைச் சர்க்கரையின் மேல் பழிபோட்டு விட்டுவிடுவார். சைவர்களுக்கும், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் போட்டவர்களுக்கும் ஆபரேஷனுக்கு முன்பே இது குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். மாதம் ஒரு 1,000 மைக்ரோகிராம் ஊசி, அல்லது தினமும் மாத்திரை. இரண்டில் எது என்று டாக்டர் சொல்வார்.

விட வேண்டிய மாத்திரைகளும் உண்டு. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் பைபாஸ் இணைப்பில் புண்ணாக்கி, ரத்தம் கசியவும் ஓட்டை விழவும் வைக்கும். மெடிக்கலில் ‘உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க’ என்று வெட்டித் தரும் மாத்திரைகளில் இவற்றில் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். பாராசிட்டமால் போதும். சிகரெட்டும் அதே புண்ணைத்தான் உண்டாக்கும். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை அளவுகள் சில நாட்களிலேயே மாறிவிடும். பழைய அளவிலேயே கிளிமிபிரைடு போட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். வீட்டில் தினமும் பார்த்து எழுதி, டாக்டருக்கு அனுப்பிக் குறைக்கச் சொல்லுங்கள். நீங்களே நிறுத்தவும் வேண்டாம்.

கல்யாணப் பந்தி. பைபாஸ் ஆனவர் ஒரு கப் பாயசம் குடித்தால் பத்து முதல் முப்பது நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் புரட்டல், பேதி. சர்க்கரை நேராகச் சிறுகுடலில் கொட்டி, தண்ணீரை உள்ளே இழுப்பதால் வருவது. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து இன்சுலின் அதிகமாகி, கை நடுங்கி, கண் மங்குவது இன்னொரு வகை. இலையில் வைப்பவரைத் தடுக்க ஆபரேஷன் கதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை, ‘அல்சர்ங்க’ என்றால் போதும், எந்தப் பெரியம்மாவும் அதற்கு மேல் வற்புறுத்த மாட்டார். ஏகாதசி, ரம்ஜான் நோன்பு போன்றவை முதல் வருடத்தில் வேண்டாம். தண்ணீரும் புரோட்டீனும் அன்றைக்குச் சேராது.

மூன்றாவது மாதம் வாக்கில் முடி கொத்தாகக் கொட்டும். ஆறு முதல் ஒன்பது மாதத்தில் நிற்கும். பயோட்டின் வாங்கிக் குவிப்பதைவிட புரோட்டீனையும் ஃபெர்ரிட்டினையும் (உடம்பின் இரும்புக் கையிருப்பு) பாருங்கள். எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பைக் கல் வரும் என்பதால் ஆறு மாதம் உர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரை எழுதுவார்கள், நடுவில் விடாதீர்கள். மாதவிடாய் சீராகிக் கர்ப்பம் எளிதில் தரிக்கும், ஆனால் 12 முதல் 18 மாதம் வரை தள்ளிப்போட வேண்டும். பைபாஸ் ஆனவர்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பாமல் மகப்பேறு டாக்டரிடம் வேறு வழி கேளுங்கள்.

மூன்றாவது வாரமே தராசு முள் நகராமல் நிற்கும். பதற்றப்பட்டுச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம், வாரம் ஒருமுறை மட்டும் ஏறிப் பாருங்கள். உண்மையான வேலை ஒன்றரை வருடத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. பசி மெதுவாகத் திரும்பும், கொள்ளளவும் கொஞ்சம் கூடும். கோழி இன்னும் மாட்டுகிறது, ஆனால் முறுக்கு வாயிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு போகிறது. மிக்சர், டீயில் நனைத்த பிஸ்கட், ஐஸ்கிரீம் எல்லாம் அப்படித்தான். எவ்வளவு சாப்பிட்டாலும் வயிறு நிறையாது, எடை திரும்பும். சிரமமில்லாமல் இறங்குகிறது என்பதே அதைச் சந்தேகப்படக் காரணம். சாயங்கால நொறுக்குக்கு வேகவைத்த சுண்டலோ மோர் கலந்த பவுடரோ தயாராக இருந்தால் டப்பாவைத் திறக்கும் கை கொஞ்சம் தயங்கும்.

ரத்தப் பரிசோதனை 3, 6, 12வது மாதங்களில், பிறகு வருடம் ஒருமுறை: ஹீமோகுளோபின், ஃபெர்ரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், அல்புமின். லேபில் ‘ஃபுல் பாடி பேக்கேஜ்’ என்று விற்பதில் ஃபெர்ரிட்டினும் பாராதைராய்டும் பெரும்பாலும் இருக்காது, தனியாகக் கேட்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆபரேஷன் பெயர் இருக்கும் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் இன்னொருவர் போனிலும் அனுப்பி வையுங்கள். நடந்தது ஸ்லீவா, பைபாஸா, மினி பைபாஸா என்று நடுராத்திரி எமர்ஜென்சியில் கேட்டால் அந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும்.